மண்டபத்துச் சாவி காலை 8 மணிக்கே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் நாடகம் என்றாலே அழைப்பிதழில் ஏழு மணி என்று போட்டுவிட்டு எட்டு மணிக்குத்தான் திரையை விலக்குவார்கள் என்ற குறை தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் ஜொஹானஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலும் கேப் டவுனிலும் நெடுநாளாகவே உண்டு. குறை நியாயமானதுதான். பழிதான் எப்போதும் நடிகர்கள் தலையில் போய் விழுகிறது. ஊர் ஊராகப் போகும் நாடகங்களுக்கு விளக்குக் கட்டுவது, தட்டி நிறுத்துவது, ஒலி பார்ப்பது, ஆடை அணிகலன்களைக் காப்பது என்று திரைக்குப் பின்னால் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். தாமதம் மண்டபத்துச் சாவியிலேயே தொடங்கிவிடுகிறது. மதியம் மூன்று மணிக்குச் சாவி கொடுத்தால் ஏழு மணிக்கு நாடகம் தொடங்காது. அப்படியே தொடங்கினாலும் மேடையில் நிற்பவர்களுக்கு அது பாதுகாப்பான நாடகமாக இருக்காது.

ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். இருபத்துநான்கு விளக்கு, இரண்டு படுதா, எட்டுத் தட்டி, நான்கு காட்சி மாற்றம் உள்ள நடுத்தர நாடகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு லாரியின் பின்கதவைத் திறந்தால் சாமான் இறக்க ஒரு மணி நேரம். ஒன்பது முதல் பதினொன்றரை வரை படுதாவும் விளக்குகளும் மேடைக்கு மேலே குறுக்கே தொங்கும் கம்பியில் ஏறும். அதற்குள் மேடைத் தரையில் எதுவுமே இருக்கக் கூடாது. ஏணி நகர வேண்டும், கம்பி கீழே இறங்கி வர வேண்டும். ஒரு மணிக்குள் தட்டிகள் நிற்கும். அரை மணி நேரம் சாப்பாடு. ஒன்றரை முதல் மூன்று வரை ஃபோகஸ், அதாவது ஒவ்வொரு விளக்கின் ஒளியும் விழ வேண்டிய இடத்தில் விழும்படி திருப்பி இறுக்குவது. ஒரு விளக்குக்கு நான்கு நிமிடம் என்றாலும் இருபத்துநான்குக்குத் தொண்ணூற்றாறு நிமிடம், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பிறகு ஒரு மணி நேரம் ஒவ்வொரு காட்சிக்கும் எந்த விளக்கு எவ்வளவு என்று பதிவு செய்ய வேண்டும். முக்கால் மணி நேரம் ஒலிச் சோதனை. ஒன்றேகால் மணி நேரம் காட்சி மாற்ற ஒத்திகை. ஆறு மணிக்கு மேடையைப் பெருக்கி, கைப்பொருள்களை அதனதன் இடத்தில் வைத்தால் ஆறரைக்குக் கதவு திறக்கலாம்.

இதில் ஒன்றோடொன்றைச் சேர்த்துச் செய்ய முடியாதா என்று சங்கத்துப் பெரியவர்கள் கேட்பார்கள். ஃபோகஸ் செய்யும்போது மண்டப விளக்கு அணைந்திருக்க வேண்டும். ஒருவர் ஏணி மேல், ஒருவர் ஏணிக்காலைப் பிடித்தபடி, ஒருவர் நடிகர் நிற்கும் இடத்தில், ஒருவர் விளக்குகளை இயக்கும் பலகையில். அந்த இருட்டில் பக்கத்தில் இன்னொருவர் தட்டியில் ஆணி அடிக்க முடியாது. ஒலிச் சோதனைக்கு மண்டபம் அமைதியாக இருக்க வேண்டும். அதே நேரத்தில் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தால் மைக்கில் எது இரைச்சல், எது நாற்காலிச் சத்தம் என்றே தெரியாது. ஒப்பனை மட்டும்தான் கூடவே நடக்கக்கூடியது. அதிலும் கிரீடம், புஜகீர்த்தி, மார்பதக்கம் எல்லாம் கட்டும் வேடத்துக்கு இரண்டு மணி நேரம் போய்விடும். இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று சொல்லப்படும் தெருக்கூத்து ஆடுகிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாவி மூன்று மணிக்குக் கிடைத்தால் பத்து மணி நேர வேலையை நான்கு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அப்போது முதலில் கைவிடப்படுவது காட்சி மாற்ற ஒத்திகை. அடுத்தது ஃபோகஸ். முகத்தில் விழ வேண்டிய வெளிச்சம் இடுப்பில் விழும். அதற்கும் அடுத்ததுதான் எங்களுக்குத் தூக்கத்தைக் கெடுப்பது: விளக்கின் பாதுகாப்புச் சங்கிலி. ஒவ்வொரு விளக்கையும் கவ்வி ஒன்று கம்பியில் பிடித்திருக்கிறது. அந்தக் கவ்வியின் மரை நழுவினாலும் விளக்கு விழாமல் இருக்கத்தான் தனியாக ஒரு சங்கிலி. அதை மாட்ட விளக்குக்கு அரை நிமிடம் கூட ஆகாது. ஆனாலும் அவசரத்தில் 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடப்படுவது அதுதான். ஆறு மீட்டர் உயரத்திலிருந்து விழும் விளக்கு ஒரு விநாடிக்குச் சற்று மேல் தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 39 கிலோமீட்டர். நிமிர்ந்து பார்ப்பதற்குள் முடிந்துவிடும்.

மக்காண்டாவில் 1974 முதல் நடக்கும் தேசியக் கலைவிழாவில் ஒரே அரங்கில் ஒரே நாளில் பல நாடகம் நடக்கிறதே, அது எப்படி என்றும் கேட்கிறார்கள். அங்கே விளக்குகள் எல்லாக் குழுவுக்கும் பொதுவாக முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கும். குழுக்களும் அதற்கென்றே நான்கு நாற்காலி, ஒரு மேசைக்குள் நாடகத்தை அடக்கிக்கொண்டு வருவார்கள். கோட்டை, காடு, கைலாயம் மூன்றையும் மூட்டை கட்டி வரும் நம் புராண நாடகத்தை அதோடு ஒப்பிடுவது சரியில்லை.

அடுத்தது மின்சாரம். அதிகத் தகராறு இதில்தான். 'பார்' (PAR) எனப்படும் பழைய வகை மேடை விளக்கு ஒன்று 1000 வாட். 230 வோல்ட்டில் அது 4.3 ஆம்பியர் இழுக்கும். இருபத்துநான்கும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் 24 கிலோவாட், அதாவது 104 ஆம்பியர். மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால் ஃபேஸுக்கு 35 ஆம்பியராகப் பிரித்துவிடலாம். ஆனால் கோயில் மண்டபங்கள் சிலவற்றில் வீட்டுக்கு இருப்பதுபோல் ஒற்றை ஃபேஸில் 60 ஆம்பியர்தான் இருக்கிறது. அதன் மொத்தக் கொள்ளளவே 13.8 கிலோவாட். அதிலேயே சமையலறை கீசர் 3 கிலோவாட், தேநீர்க் கொதிகலன் இரண்டோ மூன்றோ கிலோவாட். இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்பு சமோசா பொரிக்க மின் அடுப்பைப் போட்டதும் மேடை மொத்தமும் அணைந்துபோவது இதனால்தான். நாடக நாளில் கீசரை அணைத்துவைக்க வேண்டும். மூன்று ஃபேஸ் இருந்தால் கொதிகலனைத் தனி ஃபேஸில் மாட்ட வேண்டும், இல்லையேல் கேஸ் அடுப்பு வைக்க வேண்டும். எல்இடி விளக்கு கொண்டுவரும் குழுவுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஒன்றுக்கு 200 வாட் வைத்தாலும் இருபத்துநான்குக்கு 5 கிலோவாட்டுக்குள் அடங்கும்.

சுவர்ப் பிளக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்க வீட்டுப் பிளக்குக்கும் பல அரங்குகளில் டிம்மர் இணைப்புக்கும் ஒரே உருவம்: மூன்று உருண்டைக் கால். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. டிம்மர் வெளிச்சத்தைக் குறைக்கும்போது மின்சார அலையை வெட்டி வெட்டி அனுப்பும். இழை விளக்குக்கு அது ஒன்றும் செய்யாது. அதே இணைப்பில் கீபோர்டையோ புகை எந்திரத்தையோ மடிக்கணினியையோ மாட்டினால் உள்ளிருக்கும் மின்வழங்கி கருகிவிடும். டிம்மர் இணைப்புகள் எல்லாவற்றிலும் சிவப்பு டேப் ஒட்டிவையுங்கள். ஒரு சுருள் டேப் விலையில் ஒரு கீபோர்டு பிழைக்கும். நீட்டிப்பு வயர் சுருளைப் பாதி மட்டும் இழுத்து மீதியை உருளையிலேயே விடுவதும் ஆபத்து. சுற்றியிருக்கும் வயருக்குச் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகிவிடும். முழுவதும் அவிழ்த்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

மின்வெட்டு 2023-ல் இருந்த அளவு இப்போது இல்லை என்றாலும், கேபிள் திருட்டாலும் பழைய துணைமின் நிலையங்களாலும் பகுதி பகுதியாக மின்சாரம் போவது நிற்கவில்லை. ஜெனரேட்டர் எடுத்தால் தேவைக்கு மேல் 30 விழுக்காடாவது கூடுதல் திறன் உள்ளதாக எடுக்க வேண்டும். நாடகத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். விளக்குப் பலகையையும் ஒலிப் பலகையையும் மட்டும் பேட்டரிக் காப்பு ஒன்றில் மாட்டிவிட்டால் போதும், ஜெனரேட்டர் பிடிக்கும் வரை அவை தாங்கும். இல்லாவிட்டால் பலகை மறுபடி எழுந்து வரவே சில நிமிடம் ஆகும். நடிகரைப் பின்தொடர்ந்து ஒளி வீசும் விளக்கு, வாயுவில் மின்சாரம் பாய்ந்து ஒளிரும் பழைய வகையாக இருந்தால், அணைந்த பின் சூடு ஆறாமல் திரும்ப எரியாது. எனவே மின்சாரம் போய் வந்ததும் கதாநாயகி பாட்டை நாற்பது விநாடியில் தொடரச் சொல்லாதீர்கள்.

சாலையும் தட்பவெப்பமும் இந்த நாட்டுச் சுற்றுக்கே உரிய சோதனைகள். டர்பனிலிருந்து ஜொஹானஸ்பர்க் என்3 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 1,750 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறோம். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டி அந்தச் சாலையே அடைபட்டது. குளிர்காலச் சுற்றில் பயணத்துக்கும் நாடகத்துக்கும் இடையே ஒரு நாள் விட வேண்டும் என்று நாங்கள் கேட்பது சொகுசுக்காக இல்லை. ஈரமான டர்பனில் இறுகிப் பிடித்த கதவுச் சட்டம் வறண்ட லெனேசியாவில் சுருங்கி ஆடும். கீல் திருகுகளை அங்கே ஒருமுறை முறுக்க வேண்டும், திரும்பி வந்ததும் மறுபடி தளர்த்த வேண்டும். மிருதங்கம் மேலே போனதும் தோல் காய்ந்து சுதி ஏறும், கடற்கரைக்கு இறங்கியதும் தொய்ந்துவிடும். வாசிப்பவருக்கு அரை மணி நேரம் கொடுங்கள். வறண்ட காற்றில் பட்டும் நைலான் சவுரியும் உரசி மின்னேற்றம் கொள்ளும், உடையில் குத்திய மைக்கில் படபடவென்று கேட்கும். டர்பன் ஜனவரியிலோ நேர் எதிர்: வியர்வையில் ஒட்டுமீசை இரண்டாம் காட்சியிலேயே எழும்பிவிடும். தோலை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்த பிறகே கோந்து தடவ வேண்டும். அது விரலில் இழுக்கும் பதம் வந்த பிறகே மீசையை அழுத்த வேண்டும்.

இருட்டில் நடக்கும் காட்சி மாற்றத்தைப் பார்வையாளர்கள் பார்ப்பதில்லை. அதனால்தான் அதற்கு ஒத்திகை வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அரண்மனை போய்க் காடு வர இருபத்தைந்து விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர். சிம்மாசனத்துக்கு இருவர், அது இடப்பக்கம் வெளியே போகும். இரண்டு தூண், ஆளுக்கொன்று, வலப்பக்கம். மரத்தட்டி ஒன்றைக் கொண்டுவர ஒருவர், அதன் முட்டுக்கட்டையையும் பதினைந்து கிலோ எடையையும் கொண்டுவர இன்னொருவர். போகும் பொருள் விங்கை, அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவிடத்தைத் தாண்டும் வரை வரும் பொருள் அசையக் கூடாது. சிம்மாசனத்தின் நான்கு கால் எங்கே என்று தரையில் மஞ்சள் டேப், மரத்துக்குப் பச்சை. மேடை விளிம்பிலும் படிகளிலும் இருட்டில் ஒளிரும் டேப். மூன்று முறை வேலை விளக்கில், இரண்டு முறை முழு இருட்டில் செய்து பார்த்தால் கால்கள் தாமாகவே வழி கண்டுபிடித்துவிடும். செய்து பார்க்காவிட்டால் மரத்தட்டி வந்து நிற்கும், எடை வராது. காற்றாடியின் காற்றே தட்டியைச் சாய்த்துவிடும். பன்னிரண்டடித் தட்டிக்கு முட்டுக்கட்டை எட்டடி உயரத்தில் பிடிக்க வேண்டும். இடுப்பளவில் பிடித்தால் எடை எவ்வளவு வைத்தாலும் மேல்பாகம் ஆடும்.

பெரிய அரங்குகளில் கயிற்றின் மறுமுனையில் எடைக்கட்டி வைத்துப் படுதாவைத் தூக்கும் அமைப்பு இருக்கும், அதை இயக்க அரங்கத்து ஆட்களும் இருப்பார்கள். அங்கே ஒரே விதிதான். கம்பியில் பாரம் ஏறிய பிறகே எடைக்கட்டி ஏற வேண்டும். இறக்கும்போது எடைக்கட்டியை எடுத்த பிறகே பாரத்தை அவிழ்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் கம்பி கையைவிட்டு மேலே பாயும். அரங்கத்து ஆள் சொல்லாமல் நம்மவர் யாரும் அந்தக் கயிற்றில் கை வைக்க வேண்டாம்.

நெருப்பு விஷயத்தில் மண்டபக் குழுக்களிடம் கெஞ்சியே கேட்கிறோம். திருட்டுப் பயத்தால், நாடகம் தொடங்கியதும் பக்கவாட்டு இரும்புக் கதவுகளுக்குப் பூட்டுப் போடுகிறார்கள். பயம் புரிகிறது. கார் நிறுத்துமிடத்தில் காவலுக்கு ஆள் போடுங்கள். பூட்டுக்குப் பதில் ஒவ்வொரு கதவிலும் ஒருவரை உட்கார வையுங்கள். ஐந்நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் சாவிக்காரர் எங்கே என்று தேடும் நிலை வரக் கூடாது. நம் நாடகங்களில் கற்பூர ஆரத்தி இல்லாமல் முடிவதில்லை. மேடையில் சுடர் ஏறும் நாளில் இரு பக்க விங்கிலும் ஒருவர் ஈரச் சாக்கோடும் தீயணைப்பானோடும் நிற்க வேண்டும். கற்பூரத் தட்டை மண் நிரப்பிய தாம்பாளத்தில் வைக்க வேண்டும். புகை உணர்வானை மண்டபத்துப் பொறுப்பாளரே அந்த நேரத்துக்கு மட்டும் நிறுத்தி, முடிந்ததும் திரும்பப் போட வேண்டும்.

பருத்திப் படுதாவுக்குத் தீத்தடுப்பு வீட்டிலேயே செய்யலாம். வெண்காரம் 700 கிராம், போரிக் அமிலம் 300 கிராம், பதினொரு லிட்டர் வெந்நீர். முழுக்கக் கரைந்ததும் துணியில் சொட்டச் சொட்டத் தெளித்துக் காயவிட வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வண்ணம் தீட்டுவதற்கு முன்பே செய்துவிட்டால் நல்லது. தீட்டிய துணியானால் ஒரு மூலையில் தெளித்து நிறம் கரைகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்ததும் ஓரத்திலிருந்து விரல் அகலத் துண்டு வெட்டி, வெளியே எடுத்துப்போய், தீக்குச்சியைப் பன்னிரண்டு விநாடி காட்டுங்கள். குச்சியை எடுத்ததும் சுடர் அணைய வேண்டும், கருகினால் மட்டும் பரவாயில்லை. தொடர்ந்து எரிந்தால் இன்னொரு பூச்சு. துவைத்தால் இது போய்விடும், மழையில் நனைந்தாலும் போய்விடும். பாலியஸ்டர் துணிக்கு இது பயன்படாது. அது உருகிச் சொட்டும். அப்படிப்பட்ட துணியைச் சுடருக்குப் பக்கத்தில் தொங்கவிடவே கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் குழுக்களுக்கும் சில சொல்கிறோம். அங்கே கிரைண்டருக்குப் போடும் பெரிய 15 ஆம்பியர் பிளக் இங்கே அப்படியே பொருந்தும், சின்ன 5 ஆம்பியர் பிளக் வீட்டுச் சுவரில் பொருந்தாது. மரப் பெட்டியில் சாமான் அனுப்பினால் மரம் பூச்சி நீக்கப்பட்டது என்ற முத்திரை பெட்டியில் இருக்க வேண்டும், இல்லையேல் துறைமுகத்தில் நிற்கும். மயில்தோகையை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. முருகனுக்குத் துணியில் வரைந்த தோகையே போதும். முனிவர் ஆசனத்துக்கு மான்தோல், புலித்தோல் நினைக்கவே வேண்டாம். படுதாவை மடிக்காதீர்கள். இங்கே கடைகளில் கிடைக்கும் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயில், வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றுங்கள். உள்ளே வைத்துச் சுற்றினால் வண்ணம் நசுங்கி வெடிக்கும். வயரில்லா மைக் அங்கே சரியாக வேலை செய்தது என்பதற்காக இங்கேயும் செய்யும் என்று நம்ப வேண்டாம். ஊருக்கு ஊர் தொலைக்காட்சி அலைவரிசை மாறும். ஒவ்வொரு மண்டபத்திலும் எது காலியாக இருக்கிறது என்று தேடிப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

இரவு வேலையையும் மறந்துவிடுகிறார்கள். பத்தரைக்குத் திரை விழும், பத்தே முக்காலுக்குக் காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்குவார். சூடான விளக்கை உடனே கழற்றினால் கை வேகும், உள்ளிருக்கும் இழையும் அறுந்துவிடும். கால் மணி நேரமாவது ஆறவிட வேண்டும். அந்த நேரத்தில் இரவல் நகைகளையும் கிரீடங்களையும் பட்டியல் பார்த்து எண்ணிப் பெட்டியில் பூட்டுவோம். பிறகு ஒலி, பிறகு தட்டி, கடைசியில் விளக்கு. லாரியில் கடைசியாக ஏறுவதுதான் அடுத்த ஊரில் முதலில் இறங்கும். அதனால் விளக்கும் வயரும் கருவிப் பெட்டியும் கதவோரம் இருக்க வேண்டும். இருபத்துநான்கு விளக்கு, இருபத்துநான்கு கவ்வி, இருபத்துநான்கு சங்கிலி. எண்ணிக்கை குறைந்தால் லாரிக் கதவை மூடுவதில்லை. இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். நாடகம் பார்க்க வந்த இளைஞர்கள் உதவிக்கு மேடை ஏறுவார்கள். அன்புக்கு நன்றி. மூடிய காலணி போட்டிருப்பவர்கள் மட்டும் வாருங்கள், செருப்போடு வேண்டாம்.

மண்டபம் சிறியது, பழையது என்று எந்தச் சங்கமும் கூச்சப்பட வேண்டியதில்லை. 1976-ல் தொடங்கிப் புகழ்பெற்ற ஜொஹானஸ்பர்க் மார்க்கெட் தியேட்டர் இருப்பதே ஒருகாலத்து இந்தியப் பழச்சந்தைக் கட்டடத்தில்தான். எங்களுக்கு இரண்டு வாரம் முன்னதாகச் சில அளவுகள் தெரிந்தால் போதும்: மேடைத் திறப்பின் அகலம், ஆழம், தரையிலிருந்து கம்பி வரை உயரம், இரு பக்க விங்கின் அகலம், லாரி நிற்கும் இடத்திலிருந்து மேடை வரை எத்தனை மீட்டர், எத்தனை படி. வழியில் இருக்கும் கதவுகளில் மிகக் குறுகியது எவ்வளவு என்பதை மறக்காமல் அளந்து எழுதுங்கள். எட்டடிக்கு நாலடித் தட்டி அந்தக் கதவில் திரும்பாவிட்டால் மற்ற அளவு எதுவும் உதவாது. மின்பெட்டியைத் திறந்து கைபேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் ஃபேஸ் எத்தனை, ஆம்பியர் எவ்வளவு என்று நாங்களே பார்த்துக்கொள்வோம்.

தீபாவளியை ஒட்டிய சுற்றுக்குச் சங்கங்கள் மண்டபங்களை முன்கூட்டியே பதிவு செய்துவிடும். பதிவுத் தாளில் நேரம் என்ற இடத்தில் நாடகம் நடக்கும் நேரத்தை மட்டும் எழுதுவதுதான் வழக்கம். அந்த இடத்தில் 'காலை 8 முதல் இரவு 12 வரை' என்று எழுதிக் கேளுங்கள். கூடுதல் வாடகை எவ்வளவு என்று எங்களிடமும் நாடகக் குழுவிடமும் முன்பே சொல்லுங்கள். பங்கிட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
நாடக மேடைப் பின்னணிப் பணியாளர்கள்,
சாட்ஸ்வர்த், டர்பன்